மாட்டெராஸி பயிற்சியாளரா, போஸ்டரில் போடும் பெயரா?

கேள்வி, 13 ஜூலை 2021

யூரோ இறுதி ஆட்டத்தில் போனுச்சி கார்னரில் வந்த பந்தைத் தள்ளிச் சமன் செய்ததும் 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஞாபகம் வந்தது. அன்றும் இத்தாலி, அன்றும் நடுவில் நின்று தடுக்கும் ஒரு சென்டர் பேக், மாட்டெராஸி. ஆனால் மாட்டெராஸி என்றால் பிரான்ஸின் ஜிடான் அவரைத் தலையால் முட்டினார் என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. நம் ஊர் அணியான சென்னையின் எஃப்சிக்கு அவரைப் பயிற்சியாளராகக் கூட்டி வந்ததும் டிக்கெட் விற்கத்தான் என்று நினைக்கிறேன். எலானோ ஆடினார், மெண்டோசா ஆடினார், இவர் கோட்டோரம் நின்று கத்தினார். இதில் பயிற்சி எங்கே வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

13 ஜூலை 2021, இரவு

முட்டினதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்த ஆட்டத்தில் அவர் என்ன செய்தார் என்று மட்டும் பாருங்கள்.

பெர்லின், 9 ஜூலை 2006. 7வது நிமிடம்: பிரான்ஸின் மலூடாவைத் தடுக்கப் போய் பெனால்டி கொடுத்தார். ஜிடான் அதை மெல்லத் தூக்கிவிட, பந்து மேல் கம்பியில் பட்டு உள்ளே விழுந்தது. 19வது நிமிடம்: பிர்லோவின் கார்னர், வியேராவுக்கு மேலே எழும்பித் தலையால் கோல். 110வது நிமிடம்: எதிரணித் தலைவருக்கு ரெட் கார்டு, காரணம் இவர் வாய். கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் இத்தாலிக்காக இரண்டாவதாகப் போய் அடித்தார், உள்ளே போனது. ஆட்டம் 1-1, ஷூட் அவுட் 5-3. அன்றைக்கு நடந்த எல்லாவற்றிலும் இவர் கை இருக்கிறது. போனுச்சியும் நேற்று முன்தினம் சமன் செய்துவிட்டு ஷூட் அவுட்டிலும் போட்டார். பெனால்டி கொடுக்கவில்லை, யாரையும் வெளியே அனுப்பவில்லை. அந்த அளவுக்கு அவர் பின்னால்தான்.

இதில் முக்கியமான சங்கதி, மாட்டெராஸி அந்த உலகக் கோப்பையில் ஆடுவதாகவே இல்லை. இத்தாலிப் பயிற்சியாளர் லிப்பியின் தடுப்பு ஜோடி கன்னவாரோவும் நெஸ்டாவும். செக் குடியரசுக்கு எதிராக ஹாம்பர்கில் நெஸ்டாவுக்கு அடிபட்டது, இவர் உள்ளே வந்தார், கொஞ்ச நேரத்தில் டோட்டியின் கார்னரில் கோல். அடுத்து ஆஸ்திரேலியாவோடு ரெட் கார்டு. உக்ரைன் ஆட்டத்துக்குத் தடை. திரும்பி வந்து ஜெர்மனியைச் சந்தித்தார். பெஞ்சிலிருந்து கூப்பிடப்பட்ட ஆள் இவ்வளவு செய்திருக்கிறார்.

சென்னைக் கதைக்கு அப்புறம் வருகிறேன். தூக்கம் வருகிறது.

14 ஜூலை 2021

மலூடா விழுந்தது நடிப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் பெரம்பூரில் நிறைய வருஷம் ஸ்டாப்பராக, அதாவது மாட்டெராஸி ஆடிய அதே இடத்தில், ஆடியவன். அந்த இடத்தில், அந்த வேகத்தில் குறுக்கே வந்து, பந்தையும் தொடாமல், ஆள் மேல் லேசாகப் பட்டால்கூட ரெஃப்ரி விசில் கொடுத்துவிடுவார். பட்டது குறைவு, போன வழி தப்பு. எங்கள் மைதானத்தில் என்றால் கொடுத்திருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

16 ஜூலை 2021

ஆளைப் புரிந்துகொள்ள 2006க்கு முன்னால் போக வேண்டும். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

1973 ஆகஸ்டில் லெச்சேயில் பிறந்தார். அப்பா ஜுசெப்பே மாட்டெராஸி ஆட்டக்காரர், பிறகு லாட்சியோ, பாரி என்று பல அணிகளுக்குப் பயிற்சியாளர். அப்பாவுக்கு எந்த ஊரில் வேலையோ அந்த ஊர்தான் வீடு. அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அப்பா பெரிய இடத்தில் இருந்தும் மகன் கீழ்வரிசை அணிகளில்தான் காலத்தை ஓட்டினார்: சிசிலியில் மார்சாலா, ட்ராப்பானி, அப்புறம் பெருஜியா, அங்கிருந்து கடனாகக் கார்ப்பி. நெஸ்டாவும் மால்தினியும் இருபது வயதுக்கு முன்பே பெரிய மேடை ஏறியவர்கள். இவர் அந்த வயதில் மூன்றாம் நிலை லீக் மைதானங்களில் முட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். இத்தாலிக்காக முதல் ஆட்டம் 2001 ஏப்ரலில், வயது 27.

1998இல் இங்கிலாந்தின் எவர்ட்டன். ஒரே பருவம், அதற்குள் ரெட் கார்டு மேல் ரெட் கார்டு. திரும்பவும் பெருஜியா. 2000-01 பருவத்தில் இத்தாலியின் முதல் நிலை லீக்கான சீரி ஆ-வில் 12 கோல், பாதிக்கு மேல் பெனால்டி. ஒரு பருவத்தில் டிஃபெண்டர் போட்ட கோல்களில் அதுதான் சாதனை, அதற்கு முன் ஃபியோரென்டினாவில் பாசரெல்லா போட்ட 11 இருந்தது. பெனால்டியைக் கழித்துப் பார்த்தால் என்ன பெருமை என்று கேட்பீர்கள். டிஃபெண்டரிடம் பெனால்டியைக் கொடுக்கிறார்கள் என்றால் நெருக்கடியில் யாருக்குக் கால் நடுங்காது என்று அந்த அணிக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் பெர்லினில் பார்த்தோம்.

அதன் பிறகு பத்து வருஷம் மிலான் நகரின் இன்டர் அணி. 23ஆம் எண்.

16 ஜூலை 2021, கொஞ்சம் கழித்து

கால் நடுங்காது என்று எழுதியதும் 2008 மே மாதம் கண் முன்னால் வருகிறது. சான் சீரோவில் சியெனாவுக்கு எதிராக ஜெயித்தால் இன்டருக்கு லீக் பட்டம். 2-2 என்று இருக்கும்போது பெனால்டி கிடைக்கிறது. கூட ஆடிய குரூஸ் அடிக்கப் பார்க்கிறார், இவர் நான்தான் என்று பந்தை வாங்கிக்கொள்கிறார். கோல்கீப்பர் பிடித்துவிட்டார். பட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போனது. பார்மாவில் மழையில் இப்ராஹிமோவிச் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து இரண்டு கோல் போட்டுக் காப்பாற்றினார்.

வேடிக்கை என்னவென்றால் 2007இல் இன்டருக்குப் பட்டத்தை உறுதி செய்த ஆட்டமும் சியெனாவோடுதான். 2-1, இரண்டு கோலும் இவர். அதற்கு முன்னால் 2004இல், ஆட்டத்தில் ஆடாதபோதே, சியெனாவின் சிரில்லோவை உள்வழியில் குத்திவிட்டு இரண்டு மாதத் தடை வாங்கினார். அந்த ஊருக்கும் இவருக்கும் ஏதோ பூர்வ ஜென்மக் கணக்கு.

18 ஜூலை 2021

கீழே ஒருவர், ஜிடானைத் "தீவிரவாதி" என்று சொன்னார், அதனால்தான் முட்டு என்று எழுதியிருக்கிறார். இது பதினைந்து வருஷமாகச் சுற்றும் கதை. இதை அச்சிட்ட இங்கிலாந்துப் பத்திரிகைகள் நீதிமன்ற வழக்கில் மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈடும் கொடுத்துவிட்டன. நடந்ததாக மாட்டெராஸியே சொன்னது: சட்டையைப் பிடித்தேன், வேண்டுமானால் ஆட்டம் முடிந்து சட்டையைத் தருகிறேன் என்று ஜிடான் சொன்னார், எனக்கு உன் சகோதரி போதும் என்கிற மாதிரி பதில் சொன்னேன். அம்மாவைப் பற்றிப் பேசவில்லை என்பதில் அவர் கடைசி வரை உறுதியாக இருந்தார்.

கேவலமான பேச்சுத்தான், நியாயப்படுத்தவில்லை. ஃபிஃபாவும் இவருக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் போட்டது, ஜிடானுக்கு மூன்று ஆட்டமும் 7,500உம். அதைவிட மோசமானதை ஞாயிற்றுக்கிழமை மேட்சில் நான் கேட்டிருக்கிறேன். சிலது சொன்னதும் நான்தான்.

பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜிடானிடம் என்னதான் சொன்னேன் என்று கற்பனை பண்ணிய ஜோக்குகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டு, வருமானத்தை யுனிசெஃப்புக்குக் கொடுத்தார். ஜிடான் முட்டிய காட்சியை ஐந்து மீட்டர் உயர வெண்கலச் சிலையாகச் செய்து பாரிஸில் வைத்தார்கள், அப்புறம் அது தோஹா கடற்கரைக்குப் போனது, அங்கே எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள்.

23 ஜூலை 2021

சரி, சென்னை.

2014, இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) முதல் பருவம். வயது 41. ஆட்டக்காரர், பயிற்சியாளர், இரண்டும் அவரே. நான் பெரியமேடு ஸ்டேடியத்தில் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். போஸ்டரைப் பார்த்துத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். அவர் சில ஆட்டங்களில் இறங்கினார். வேகம் சுத்தமாக இல்லை. ஆனால் பந்து வருவதற்கு முன்னால் எங்கே நிற்பது என்று தெரிந்தவர் எதற்காக ஓட வேண்டும்? பக்கத்தில் நின்ற இந்தியப் பையன்களைக் கையாலேயே இழுத்து இழுத்து நிற்க வைத்தார். நானும் அந்த இடத்தில் ஆடியவன் என்பதால் பந்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலானோ 8 கோல் போட்டு அந்தப் பருவத்தின் தங்கக் காலணி வாங்கினார். அணி 23 புள்ளியோடு பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் கொச்சிக்குப் போய் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-0 என்று தோற்றோம். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். அரையிறுதி இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள்; சென்னையில் நடந்த இரண்டாவதில் சில்வெஸ்டர் ஒன்று போட்டார், கடைசி நிமிடத்தில் ஜெஜே ஒன்று போட்டார், நடுவே கேரளாக்காரர் தன் வலையிலேயே ஒன்று. மொத்தம் 3-3. அந்த இரவு கேலரி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு கூடுதல் நேரத்தில் 117வது நிமிடம் கேரளாவின் பியர்சன் கோல் போட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

கேள்வி கேட்டவருக்கு: டிக்கெட் விற்கத்தான் கூட்டி வந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த வருஷம் எல்லா அணியும் அதைத்தான் செய்தன. ஆனால் 3-0 தோற்ற அணியை மூன்று நாளில் அப்படி ஆட வைப்பது போஸ்டரால் ஆகிற காரியம் இல்லை.

24 ஜூலை 2021

கொஞ்சம் விலகிப் போகிறேன். 2014இல் ஐஎஸ்எல் ஆட வந்தவர்கள்: சென்னையில் மாட்டெராஸி, பருவத்தின் கடைசியில் நெஸ்டா. டெல்லியில் டெல் பியரோ. புனேயில் த்ரெசகே, பெர்லினில் பிரான்ஸுக்காக ஷூட் அவுட் பெனால்டியைக் கம்பியில் அடித்த அதே ஆள். அடுத்த வருஷம் டெல்லிக்கு மலூடா வந்தார். 2016இல் டெல்லிக்குப் பயிற்சியாளராக 2006 இத்தாலி அணியின் சம்புரோட்டா. ஜிடானும் வந்திருந்தால் ஆட்டத்தைத் திரும்ப நடத்தியிருக்கலாம்.

நெஸ்டா சென்னைக்கு வந்ததில் ஒரு தனி அழகு உண்டு. 2002 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக நெஸ்டாவுக்கு அடிபட்டபோதும் உள்ளே வந்தது மாட்டெராஸிதான். 2006இலும் அதே கதை. வாழ்க்கை முழுவதும் நெஸ்டாவுக்கு மாற்றாக இருந்தவர், கடைசியில் நெஸ்டா ஆடுவதா பெஞ்சில் உட்காருவதா என்று முடிவு செய்யும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

1 ஆகஸ்ட் 2021

2015ஐப் பற்றி எழுத ஒரு வாரம் யோசித்தேன். அது எனக்கு வெறும் ஃபுட்பால் இல்லை. டிசம்பர் முதல் வாரம் ஊரே தண்ணீரில் இருந்தது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

அந்தப் பருவத்தில் ஒரு கட்டத்தில் நாம் கடைசி இடத்தில் இருந்தோம். மாட்டெராஸியை மாற்றுங்கள் என்று எழுதாத ஆள் இல்லை, என்னையும் சேர்த்து. பிறகு லீக்கின் கடைசி நான்கு ஆட்டத்தையும் ஜெயித்து மூன்றாவது இடம். வெள்ளத்தால் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேக்குப் போனது. சொந்த ஊர் கூட்டமே இல்லாத சொந்த ஊர் ஆட்டம். கொல்கத்தாவை 3-0: பெலிசாரி, ஜெஜே, மெண்டோசா. கொல்கத்தாவில் 2-1 தோற்றும் மொத்தத்தில் 4-2.

20 டிசம்பர், கோவாவின் ஃபட்டோர்டா மைதானம், இறுதி ஆட்டம், எதிரே ஜிக்கோ பயிற்சி கொடுத்த கோவா அணி. 87வது நிமிடத்தில் ஜோஃப்ரேயின் ஃப்ரீ கிக், கோவா 2-1. உறவினர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டார். கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி அதுவரை இரண்டு பெனால்டியைத் தடுத்தவர். 90வது நிமிடத்தில் பந்து அவர் கையிலேயே பட்டு உள்ளே போனது. அடுத்து மெண்டோசா. 3-2. அந்தப் பருவத்தில் அவருக்கு அது 13வது கோல்.

2 ஆகஸ்ட் 2021

"அது அதிர்ஷ்டம், பயிற்சி இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. இறுதி ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் அதிர்ஷ்டம்தான். அதற்கு முன்னால் வரிசையாக ஜெயித்ததை எதில் சேர்ப்பது?

நான் நினைப்பது இது. அவரிடம் பெரிய வியூகம் எதுவும் நான் பார்க்கவில்லை. பின்னால் இறுக்கமாக நில், பந்து கிடைத்தால் மெண்டோசா ஓடுகிற பக்கம் போடு, அவ்வளவுதான். ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும் அணி ஒன்றையொன்று குறை சொல்ல ஆரம்பிக்கும், அங்கேதான் எல்லாம் உடையும். அது இங்கே உடையவில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆடுகிற பதினோரு பேரைச் சமாளிப்பது சுலபம். பெஞ்சில் இருக்கிறவன் முகத்தைத் தொங்கப்போட்டால்தான் வேலை ஆரம்பிக்கிறது. வாழ்க்கையில் பாதி நாள் பெஞ்சில் இருந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

2010ஐப் பாருங்கள். சாம்பியன்ஸ் லீக் இறுதி, மாட்ரிட். இன்டரின் தடுப்பில் முன்னே லூசியோவும் சாமுவேலும், இவர் வரிசையில் பின்னால். பயர்னை 2-0 ஜெயிக்கும் ஆட்டத்தில் கூடுதல் நிமிடங்களில் மிலிட்டோவை எடுத்துவிட்டு இவரை உள்ளே விட்டார் பயிற்சியாளர் மொரினியோ. பந்தைத் தொட்டாரோ என்னவோ. ஆட்டம் முடிந்து வெளியே, காரிலிருந்து இறங்கி வந்து மொரினியோ இவரைக் கட்டிப்பிடிக்க, இரண்டு பேரும் சுவரோரம் நின்று அழுதார்கள். அந்தப் பருவத்தில் அதிகம் ஆடாத ஒருவர், தன்னை ஆட வைக்காத பயிற்சியாளர் போகிறார் என்று அழுகிறார். பயிற்சியாளர் வேலையில் இவர் கற்றது அதுதான் என்பது என் ஊகம்.

9 ஆகஸ்ட் 2021

2016ஐ ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வருகிறேன். எட்டு அணியில் ஏழாவது. எட்டாவது யார்? கோவா. முந்தைய வருஷம் இறுதி ஆடிய இரண்டும் அடுத்த வருஷம் அடியில். லீக்கின் கடைசியில் இரண்டும் மோதின, 5-4, கோவா ஜெயித்தது. ஒன்பது கோல். உலகக் கோப்பை வாங்கிய டிஃபெண்டரின் அணி ஒரே ஆட்டத்தில் ஐந்து வாங்கியது. 2017 மார்ச்சில் பேசி முடித்துப் பிரிந்துவிட்டார்கள்.

இதுதான் என் வாதத்தைக் கொஞ்சம் அசைக்கிறது. மனதைப் பிடித்து ஆட வைக்கிறவர் என்றால் மூன்றாவது வருஷம் ஏன் நடக்கவில்லை? மெண்டோசா போய்விட்டார், எலானோ போய்விட்டார் என்று சொல்லலாம். ஆனால் ஆட்கள் போனால் வேறு வழியில் ஆட வைப்பதும் பயிற்சியாளர் வேலைதான். பின்னால் நிற்பது, வேகமாக ஓடுவது, இதைத் தவிர கையில் வேறு இல்லை என்று மற்ற அணிகளுக்குத் தெரிந்துபோயிருந்தது. கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதி 2016இல் இருக்கிறது.

11 ஆகஸ்ட் 2021

மேலே எழுதியதை இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒன்று விட்டுப்போனது. அந்தக் கால ஐஎஸ்எல் லீக்கே இல்லை. அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பரில் முடியும், 14 ஆட்டம், அப்புறம் அரையிறுதி. மற்ற மாதங்களில் இந்திய ஆட்டக்காரர்கள் நாட்டின் இன்னொரு லீக்கான ஐ லீக் அணிகளுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் பாதி அணி புதுசு. உலகக் கோப்பை மாதிரி ஒரு மாதமோ இரண்டு மாதமோ பெட்டி படுக்கையோடு ஒரே ஓட்டலில் தங்கி ஆடும் போட்டி. மாட்டெராஸிக்குத் தெரிந்த உலகமே அதுதானே. அதில் ஒரு அலை கிளம்பினால் கோப்பை வரை தூக்கிக்கொண்டு போகும், கிளம்பாவிட்டால் ஏழாவது.

2017-18இல் ஆட்டங்கள் கூடி லீக் நீண்டது. ஜான் கிரெகரி வந்தார், அந்தப் பருவமே பெங்களூரை 3-2 ஜெயித்து இரண்டாவது கோப்பை. கிரெகரி இங்கிலாந்தில் பல வருஷம் கிளப் நடத்திய ஆள். அந்த வகை வேலைக்கு அந்த வகை ஆள்.

11 ஆகஸ்ட் 2021

ஒருவர் எழுதியது போல, நம் அணியில் ஆடிய தனபால் கணேஷை வியாசர்பாடியிலிருந்து "கண்டுபிடித்தது" மாட்டெராஸி இல்லை. அவர் அதற்கு முன்பே புனேயில் ஆடி, இந்திய அணியும் பார்த்தவர். இங்கே எதற்கெடுத்தாலும் வெளிநாட்டுக்காரர் கண்டுபிடிப்பு என்று எழுதும் வழக்கம் போக வேண்டும்.

22 ஆகஸ்ட் 2021

2006 அணியில் பயிற்சியாளர் ஆகாதவர் யார் என்று ஒருவர் கேட்டார். எண்ணுவதே சிரமம். கன்னவாரோ சீனாவில் 2019இல் லீக் பட்டம். கத்தூஸோ நாபோலியோடு 2020 இத்தாலியக் கோப்பை. பிர்லோ யுவெண்டஸில் ஒரு வருஷம். நெஸ்டாவை ஃப்ரோசினோனே இந்த மார்ச்சில் நீக்கிவிட்டு யாரைக் கூட்டி வந்தது? குரோஸோவை. ஒரே அறையில் பதக்கம் போட்டுக்கொண்டவர்கள் இப்போது ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்காருகிறார்கள்.

மாட்டெராஸி மட்டும் சென்னைக்குப் பிறகு எந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராகவும் போகவில்லை. அவர் காரணத்தை நான் சொல்ல முடியாது. அப்பா வேலைக்காகக் குடும்பம் ஊர் ஊராக மாறியதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

30 ஆகஸ்ட் 2021

"இப்போது திரும்பக் கூப்பிட்டால்?" வேண்டாம். போன பருவத்தில் நாம் ஆடிய 20 ஆட்டத்தில் 11 டிரா, எட்டாவது இடம். கோல் போட ஆள் இல்லாத அணிக்குப் பாண்டோவிச்சைப் பயிற்சியாளராக எடுத்திருக்கிறார்கள், அவர் தாய்லாந்தில் புரிராமை நடத்தியவர். நீண்ட லீக்குக்கு அவர்தான் பொருத்தம். எனக்கு ஆசை ஒன்றே ஒன்று. எந்தக் கார்னருக்கும் நம் ஸ்டாப்பர்கள் தரையை விட்டு எழும்புவதே இல்லை. அதற்கு மட்டும் மாட்டெராஸியை ஒரு வாரம் கூட்டி வரட்டும். வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.